பேண்ட் சைஸ் 34, தொப்பை 39

நான் பாளையங்கோட்டை, வயது 29. கையும் காலும் ஒல்லி, எடை 74 கிலோதான், அதனால் தொப்பையை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன தை மாதம் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் காலை மடக்கியபடியே வந்து வண்ணாரப்பேட்டையில் இறங்கினால், இடது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. தசைப்பிடிப்புதான் என்று ஆச்சி நல்லெண்ணெயைச் சூடாக்கி இரண்டு நாள் நீவிவிட்டாள். முதலில் காட்டிய இடத்திலும் வலி மாத்திரைதான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் கால் மட்டும் வீங்கிச் சுட்டது. டாப்ளர் ஸ்கேன் எடுத்தால், உள்சிரையில் ரத்தம் உறைந்து அடைத்து நிற்கிறது. தயவுசெய்து இப்படி வீங்கின காலை நீவாதீர்கள், கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

டாக்டர் டேப்பை எடுத்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விடச்சொல்லி அளந்தார். 39 அங்குலம், அதாவது 99 செ.மீ. நம்மூர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டக்கூடாது. நான் தொப்பைக்குக் கீழே பேண்ட்டை மாட்டிக்கொண்டு 34 என்றே நம்பியிருந்தேன்.

குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. உறைந்த ரத்தத்தை உடம்பே கரைத்துவிடும், ஆனால் அதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதம் தொப்பை உள்ளவர்களுக்குக் கூடுதல். அந்தக் கொழுப்பு கிளப்பும் அழற்சியால் கல்லீரலும் உறைவுக்கு வேண்டிய ஃபைப்ரினோஜனை அதிகமாகச் செய்கிறது. தொப்பையோடு நீண்ட பயணமும் சேர்ந்ததுதான் வினை என்றார். எக்கோ என்ற இதய ஸ்கேனில் பார்த்தால், இதயம் நன்றாகத்தான் பம்ப் செய்கிறது, ஆனால் துடிப்புக்கு நடுவே தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில் லேசான விறைப்பு. கட்டியைவிட இதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் இது வலிக்கவே இல்லை.

மறுமொழி: அண்ணே, நான் மேலப்பாளையம், 26 வயது, இடுப்பு 94 செ.மீ. மாதவிலக்கு சீராக வர ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். சில ஹார்மோன் மாத்திரைகளே ரத்தத்தை உறைய வைக்கும், உடல் பருமனும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் முன்பு காலில் இதே அடைப்பு வந்தது என்று சொன்ன பிறகுதான் டாக்டர் மாத்திரையை மாற்றினார். அக்கா தங்கச்சிமாரே, வீட்டில் யாருக்காவது இப்படி வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரியாகச் சொன்னீர்கள், தங்கச்சி. எனக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஓடுகிறது, விடிகாலை வ.உ.சி. மைதானத்தில் நடை, ராத்திரி புரோட்டா கிடையாது. ஐந்து மாதத்தில் 39 இப்போது 37. ஆடி கழிந்ததும் மறுபடி எக்கோ, எடுத்ததும் இங்கே எழுதுகிறேன்.