வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரின் வேர்களைத் தேட உதவி வேண்டும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வாஷிங்டன் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர் கடந்துவந்த வழியைக் குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில், 12ஆம் நூற்றாண்டில் ஹெர்ட்பர்ன் ஊரைக் கொடுத்து வாஷிங்டன் ஊரைப் பெற்ற வில்லியம் என்ற நிலக்கிழார், நம்மவர்கள் ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொள்வதைப் போலவே, புதிய ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர் வழிவந்தோரில் ஒருவரான லாரன்ஸ், கம்பளி வணிகத்தில் செழித்து, 1539இல் நார்த்தாம்டன்ஷயரின் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அக்கிளையைச் சேர்ந்த ஜான், 1650களில் கடல் கடந்து வர்ஜீனியாவில் குடியேறினார். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் அவருடைய கொள்ளுப்பேரன்.

இதுவரை தடம் தெளிவாக இருக்கிறது. என் மனத்தை உறுத்துவது இதற்குப் பின் நிகழ்ந்தது. இன்று அமெரிக்காவில் இப்பெயரைத் தாங்குவோரில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோர் பலர் தாமே தேர்ந்தெடுத்த பெயர் இது. கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் பள்ளியில் பெயர் கேட்கப்பட்டபோது இதையே சொன்னார். ஆனால் விடுதலை பெற்றோரின் பெயர்கள் முழுமையாகப் பதிவான முதல் கணக்கெடுப்பு 1870இல்தான் நடந்தது. அதற்கு முந்தைய அடிமைப் பட்டியல்களில் வயதும் பாலினமும் நிறமுமே உள்ளன, பெயர்கள் இல்லை.

அந்த இடைவெளியைக் கடக்க, உயில்கள், பண்ணைக் கணக்குகள், திருச்சபைப் பதிவேடுகள் ஆகியவற்றைப் படித்துப் பழகியவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன். பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், அவர்களுடைய உதவியும் தேவை.