புதுப்பிப்பு: வீராவின் இன்டேக் மேனிஃபோல்ட், ஃப்ளோ பெஞ்சில் பார்த்தாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: என் புரோட்டோன் வீரா 1.8 காரில் கம்பெனி இன்டேக் மேனிஃபோல்டை (நாலு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய அலுமினிய மேனிஃபோல்டைப் போட்டால் காற்று கூடுதலாகப் போகுமா என்று. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு இரண்டையும் கொண்டுபோய் ஃப்ளோ பெஞ்சில், அதாவது காற்றை உறிஞ்சி எவ்வளவு போகிறது என்று அளக்கும் கருவியில், வைத்தோம். ஒரே சிலிண்டர் ஹெட், இரண்டுக்கும் ஒரே உறிஞ்சும் அழுத்தம் (28 அங்குல நீர் அளவு).

மொத்தத்தில் புதியதுதான் ஜெயித்தது. ஆனால் நாலாவது குழாயில் மட்டும் பழையதைவிடக் குறைவு! விரலை விட்டுத் தடவினேன். உள்ளே வெல்டிங் வழிந்து மேடு கட்டி நின்றது. அப்படியே மாட்டியிருந்தால் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் கலவை மாறிப்போயிருக்கும். பட்டறை அண்ணன் ராவித் தேய்த்த பிறகு நாலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

அப்புறம், பெஞ்சில் ஜெயித்தால் ரோட்டிலும் ஜெயிக்கும் என்றில்லை. பெஞ்ச் ஒரே சீராக உறிஞ்சுகிறது. எஞ்சினிலோ வால்வு திறந்து மூட, காற்று அலையலையாக வரும். கம்பெனி குழாய் நீளம், ஒல்லி. குறைந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது) இழுவை தருவது அதுதான். புதியது குட்டை. இரண்டு நாள் மாட்டி ஓட்டினேன். அப்பாவை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மேட்டில் போனால் இரண்டாம் கியரிலேயே திணறல்.

சரி, கம்பெனி மேனிஃபோல்டையே திரும்ப மாட்டிவிட்டேன். ராவிய புதியதைச் செப்பாங் ரேஸ் டிராக்குக்குப் போகும் நாளுக்காகத் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.