ஐந்து மாதக் கர்ப்பிணிக்குக் கொரோனா ஊசி: இப்போதேவா, பிரசவத்துக்கு அப்புறமா?

கவுண்டன்யா கரை (குடியாத்தம்), ஜூலை 2021
தங்கச்சிக்கு இது ஐந்தாவது மாதம். மே மாதம் 18 வயது தாண்டிய எல்லாருக்கும் ஊசி என்று அறிவித்ததும் முகாமுக்குக் கூட்டிப்போனோம். கர்ப்பம் என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஜூலை 2ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. மாமியார் வீட்டில் "குழந்தை பிறக்கட்டும்" என்று நிறுத்துகிறார்கள். மச்சானுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை, தினமும் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி வாத்தியார்
தம்பி, பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன். நான் ஊசிக்கு எதிரி இல்லை, ஏப்ரலிலேயே முதல் ஊசி போட்டவன். ஆனால் இந்தத் தடுப்பூசிகளின் ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை. மே மாதம் வேண்டாம் என்றவர்கள் ஜூலையில் வேண்டும் என்கிறார்களே, நடுவில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளிடம் என்ன ஆய்வு நடந்தது? பிரிட்டனில் 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அஸ்ட்ராஜெனகாவுக்குப் பதில் வேறு ஊசி தரலாம் என்று மே 7ஆம் தேதி சொன்னார்கள். டென்மார்க் ஏப்ரலிலேயே அதை நிறுத்திவிட்டது. நம்ம கோவிஷீல்டும் அதே மருந்துதான். காரணம் ரத்தம் உறையும் பிரச்சினை. நாலு மாதம் வீட்டோடு பத்திரமாக இருந்தால் போதுமே.

செவிலியர் அக்கா (அணைக்கட்டு பக்கம்)
வாத்தியார் சார், வீட்டோடு இருந்தவர்களுக்கும்தான் வந்தது. வெளியே போய்வந்த ஆள் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் அலையில் ஏழு, எட்டு மாதத்தில் மூச்சுத்திணறலோடு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பெண்களின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாதம் ஏற ஏற கர்ப்பப்பை, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசையை மேலே தள்ளுகிறது, நுரையீரல் விரிய இடம் குறைகிறது. ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் முன்பைவிட அதிகம் வேண்டும். அந்த நேரத்தில் நிமோனியா வந்தால் எப்படித் தாங்குவாள்? தொற்று வந்த கர்ப்பிணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேராமலே தேறிவிடுகிறார்கள், அதையும் மறைக்கவில்லை. மீதிப் பேருக்கு நிலைமை மளமளவென்று மோசமாகிறது, குறைமாதப் பிரசவமும் ஆகிறது. வயது 35க்கு மேல், உடல் பருமன், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். தங்கச்சிக்கு இவற்றில் ஏதாவது உண்டா?

கவுண்டன்யா கரை
சர்க்கரை இல்லை அக்கா. பிரஷர் மட்டும் போன மாதம் கொஞ்சம் ஏறியிருந்தது என்றார்கள்.

ஆற்காடு மெடிக்கல்
ரத்த உறைவு பற்றி வாத்தியார் சொன்னது உண்மைதான். ஆனால் எத்தனை பேருக்கு என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் கோவிஷீல்டு போட்டவர்களில் 10 லட்சம் ஊசிக்கு 0.61 என்று மே 17ஆம் தேதி அரசு வெளியிட்ட கணக்கு. பிரிட்டனில் 10 லட்சத்துக்கு 4. கொரோனா வந்தாலே ரத்தம் உறையும், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து எதற்குப் போட்டார்கள்? நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்ட ஊழியர்களிடம் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்வதிலிருந்து 77 சதவீதமும், ஆக்சிஜன் தேவைப்படுவதிலிருந்து 92 சதவீதமும் பாதுகாப்பு.

காட்பாடி வாத்தியார்
சிஎம்சி ஆய்வு நல்ல ஆய்வு, ஆனால் அது கர்ப்பிணிகளைப் பற்றியது இல்லை. அந்த 0.61ஐயும் அப்படியே நம்ப முடியவில்லை. பாதிப்பு வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஊசி போட்ட எத்தனை பேருக்குத் தெரியும்? என் அண்ணி போன முகாமில் அரைமணி நேரம் உட்காரச் சொல்லவே இல்லை. "காய்ச்சல் வந்தால் மாத்திரை போடுங்க, அடுத்த ஆள்" என்று அனுப்பிவிட்டார்கள். யாரும் சொல்லாத பாதிப்பு எந்தக் கணக்கில் ஏறும்?

வாணியம்பாடி ஃபாத்திமா
எனக்கு ஏழாவது மாதம். ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிறது. அன்று ராத்திரி காய்ச்சல், கை தூக்க முடியாத வலி. பாராசிட்டமால் போட்டேன், மறுநாள் சரியாகிவிட்டது. குழந்தை நன்றாக அசைகிறது. எல்லாரும் பேசுகிறீர்கள், அந்தத் தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று அண்ணன் எழுதவே இல்லையே. கேட்டீர்களா?

செவிலியர் அக்கா
அரைமணி நேரம் உட்கார வைக்காதது பெரிய தப்பு சார். அதில் எனக்குச் சமாதானம் சொல்ல மனசு இல்லை. கடுமையான அலர்ஜி வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும், அதற்கான மருந்து எங்கள் கையில் இருக்கும். தங்கச்சி போகும் இடத்தில் எழுந்திரு என்றாலும் எழாமல் உட்காரச் சொல்லுங்கள்.

ரத்த உறைவுக்கும் அறிகுறி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான அரசு வழிகாட்டுதலிலேயே, ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் பேரில் ஒருவருக்கு 20 நாளுக்குள் வரலாம் என்று போட்டிருக்கிறார்கள். விடாத கடும் தலைவலி, மூச்சுவாங்கல், நெஞ்சுவலி, காலோ கையோ வீங்கி வலிப்பது, நிற்காத வயிற்றுவலி, பார்வை மங்குவது, ஊசி போட்ட இடம் தவிர வேறு இடத்தில் குட்டிக்குட்டிச் சிவப்புப் புள்ளிகள். இதில் ஒன்று வந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. பிரஷர் ஏறிய பெண் என்பதால் தலைவலியை எப்படியும் அலட்சியப்படுத்தக் கூடாது.

காட்பாடி வாத்தியார்
இதை முகாமில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் பாதி பயம் போய்விடும் சிஸ்டர். நடிகர் விவேக் ஏப்ரல் 15 ஊசி போட்டு 17ஆம் தேதி இறந்தபோது எங்கள் தெருவில் ஊசிக்குப் போகிறவர்களே நின்றுவிட்டார்கள்.

ஆற்காடு மெடிக்கல்
அவருக்கு இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்களே சார். அந்த அடைப்பு இரண்டு நாளில் வந்ததா? அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. போகட்டும், ரத்த உறைவுதான் பயம் என்றால் கோவாக்சின் போடலாம். அது செயலிழக்கச் செய்த வைரஸ், அந்த உறைவுப் பிரச்சினை அதில் பேசப்படவில்லை. இன்னொன்று, கோவிஷீல்டுக்கு இரண்டாவது ஊசி 12 முதல் 16 வாரம், இப்போது போட்டால் அது எட்டாம் மாதத்தில் வரும். கோவாக்சினுக்கு நாலு வாரம், ஆறாம் மாதத்திலேயே இரண்டும் முடிந்துவிடும்.

காட்பாடி வாத்தியார்
கோவாக்சினின் மூன்றாம் கட்ட முடிவே இப்போதுதான் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஏற்கவில்லை. பிரிட்டன் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பது ஃபைசரும் மாடர்னாவும். அமெரிக்காவில் ஏறக்குறைய 90,000 கர்ப்பிணிகளுக்குப் போட்டுப் பார்த்த கணக்கு அவர்களிடம் இருக்கிறது. நம் பெண்களுக்கு அப்படி ஒரு கணக்கு வரட்டும் என்பதுதான் என் வாதம்.

செவிலியர் அக்கா
அந்தக் கணக்கு வரும்வரை வைரஸ் காத்திருக்காது சார். இருப்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆமாம் தம்பி, மச்சானும் மாமியாரும் போட்டாச்சா?

கவுண்டன்யா கரை
இல்லை அக்கா. மாமியாருக்கு 52, பயமாக இருக்கிறது என்கிறார். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை.

காட்பாடி வாத்தியார்
என்ன தம்பி இது! 45 தாண்டியவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் போடுகிறார்கள். தினமும் பஸ்ஸில் போய்வரும் புருஷன் போடாமல் வயிற்றுப்பிள்ளைக்காரியை மட்டும் பூட்டி வைத்து என்ன பிரயோஜனம்? முதலில் அவர்கள் இரண்டு பேரையும் அனுப்புங்கள். கர்ப்பிணிக்கு இப்போது வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

செவிலியர் அக்கா
வீட்டில் மூணு பேருமே போட வேண்டும் என்பது என் பக்கம். யாருக்காவது சமீபத்தில் கொரோனா வந்திருந்தால் மட்டும் குணமாகி மூன்று மாதம் கழித்துப் போடட்டும்.

கவுண்டன்யா கரை
ஃபாத்திமா அக்கா கேட்டதும் தங்கச்சிக்குப் போன் போட்டேன். "எனக்குப் போட்டுக்கொள்ளத்தான் ஆசை, என்னை யார் கேட்டார்கள்" என்றாள். கோவாக்சின் போதும் என்கிறாள். திங்கட்கிழமை செக்கப் இருக்கிறது, பிரஷர் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றால் அன்றைக்கே போடுகிறோம். மாமியாரையும் அதே வண்டியில் கூட்டிப்போகிறேன். மச்சான் கம்பெனியில் அடுத்த வாரம் முகாம் வைக்கப்போகிறார்களாம், அவர் பெயரைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். செவிலியர் அக்கா எழுதிய அறிகுறிகளை எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். குடியாத்தத்தில் கோவாக்சின் இருப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.