பிளேஆஃபில் முதலிடம்: நிஜமாகவே பலன் உண்டா, வெறும் பெருமைதானா?

கடைசி_வினாடி:

ஒவ்வொரு வருஷமும் மார்ச் கடைசியில் இதே சந்தேகம் வருகிறது, இந்தத் தடவை கேட்டே விடுகிறேன். என்பிஏ-வில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகளுக்கு, முன்னால் ஓர் அணி 82 ஆட்டம் ஆடுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது முதல் இரண்டு அணிகளுக்கும் நடுவே ஒரே ஒரு வெற்றிதான் வித்தியாசம் என்றால் போதும், வர்ணனையாளர்கள் எல்லோரும் "முதலிடம் முக்கியம், முதலிடம் முக்கியம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள், முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டுகிற ஆளைக்கூட 38 நிமிடம் ஓட விடுகிறார்கள். எதற்கு?

2022-இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் 64 ஆட்டம் ஜெயித்து லீகிலேயே முதலாவதாக வந்தது. பிளேஆஃபில் ஒரு தொடரை ஜெயிக்க நாலு வெற்றி வேண்டும்; டல்லாஸுடன் 3-3 என்று ஆகி கடைசி, ஏழாவது ஆட்டம், சொந்த மைதானம். பாதி ஆட்டம் முடிந்தபோது மொத்த சன்ஸ் அணியும் சேர்ந்து எடுத்தது 27 புள்ளி, எதிரணியில் லூகா டான்சிச் தனியாக எடுத்தது 27 புள்ளி! கடைசியில் 123-90. அடுத்த வருஷம் மில்வாக்கி பக்ஸ், 58 வெற்றியோடு லீகில் முதல். எட்டாமிடத்து மயாமி ஹீட்டிடம் முதல் சுற்றிலேயே 4-1 என்று தோற்று வீட்டுக்குப் போனார்கள். ஆறு மாசம் உழைத்து வாங்கிய முதலிடம் இவர்களுக்கு என்ன கொடுத்தது என்று யாராவது சொல்லுங்களேன்.

ஆறாவது_ஆள்:

தோற்றவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு இப்படிக் கேட்டால் எப்படி? 2013 முதல் 2025 வரை 13 கோப்பைகள். அதில் 9 கோப்பை தன் கான்ஃபரன்ஸில் (லீகின் கிழக்கு, மேற்கு என்ற இரண்டு பாதிகளில் ஒன்று) முதலிடம் வந்த அணிக்குத்தான் போயிருக்கிறது. மீதி நான்கில் 2018 வாரியர்ஸும் 2019 ராப்டர்ஸும் இரண்டாமிடம், 2021 பக்ஸும் 2022 வாரியர்ஸும் மூன்றாமிடம். அதற்குக் கீழே இருந்து வந்து கோப்பை எடுத்தவர்களைத் தேடினால் 1995-க்குப் போக வேண்டும். ஆறாமிடத்து ஹூஸ்டன் ராக்கெட்ஸ், ஒரு சுற்றில்கூட சொந்த மைதானச் சலுகை (ஏழாவது ஆட்டம் வந்தால் அதைச் சொந்த மைதானத்தில் ஆடும் வசதி) இல்லாமல் ஜெயித்தார்கள்.

ஆனால் இந்தக் கணக்கை வைத்து முதலிடம்தான் கோப்பையைத் தருகிறது என்று நானும் சொல்ல மாட்டேன். 68 ஆட்டம் ஜெயிக்கிற அணி நல்ல அணி. அது முதலிடமும் வரும், கோப்பையும் எடுக்கும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

நிஜமான கேள்வி, ஒரே தரத்தில் இருக்கிற இரண்டு அணிகளில் ஒன்று முதலிலும் இன்னொன்று இரண்டாவதாகவும் வந்தால் என்ன மாறுகிறது என்பதுதான். யோசித்துப் பார்த்தால் ரொம்பக் குறைவு. முதல் இரண்டு சுற்றிலும் இரண்டாமிடத்து அணிக்கும் பெரும்பாலும் சொந்த மைதானச் சலுகை இருக்கிறது, முதலிடத்து அணிக்கும் இருக்கிறது. கான்ஃபரன்ஸ் இறுதியில் இருவரும் நேருக்கு நேர் வந்தால் மட்டும்தான் வித்தியாசம் தெரியும், அதிலும் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போக வேண்டும். அதற்குள் யாராவது ஒருவர் நடுவிலேயே தோற்றுப் போயிருந்தால் அந்த ஒரு வெற்றி வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை.

இறுதிப் போட்டியில் கதையே வேறு. அங்கே இடம் எத்தனையாவது என்று பார்ப்பதில்லை, மொத்த வெற்றி எத்தனை என்றுதான் பார்க்கிறார்கள். 2019-இல் ராப்டர்ஸ் கிழக்கில் இரண்டாமிடம், வாரியர்ஸ் மேற்கில் முதலிடம். ஆனால் 58-க்கு 57 என்று ராப்டர்ஸுக்கு ஒரு வெற்றி கூட இருந்ததால் இறுதிப் போட்டி டொராண்டோவில்தான் ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு அவர்கள் ஜெயித்த நாலு ஆட்டத்தில் மூன்று ஆட்டம் எதிரணி மைதானத்தில்.

வீட்டு_ஆட்டம்:

ஏழாவது ஆட்டத்தை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். 2025 ஓக்லஹோமா சிட்டியைப் பாருங்கள். இரண்டாவது சுற்றில் டென்வரோடு ஏழாவது ஆட்டம், இறுதிப் போட்டியில் இந்தியானாவோடு ஏழாவது ஆட்டம், இரண்டுமே சொந்த மைதானத்தில், இரண்டையும் ஜெயித்தார்கள். டென்வரின் நட்சத்திரம் யோகிச்சை ஓர் ஏழாவது ஆட்டத்தில் டென்வரில் போய்ச் சந்திப்பதும் உங்கள் மைதானத்தில் சந்திப்பதும் ஒன்றா? அங்கே கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், மூச்சு வாங்கும்.

என் கண்ணில் படுவது இதுதான்: நட்சத்திர வீரர்கள் எங்கே ஆடினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடுகிறார்கள். மைதானத்தைப் பொறுத்து மாறுகிறவர்கள் ஏழாவது, எட்டாவது ஆள்தான். மூலையில் நின்று மூன்று புள்ளி எறிகிற பையனுக்குச் சொந்தக் கூட்டத்தின் முன்னால் கை நடுங்காது, வெளியூரில் அதே எறிதல் வளையத்தின் முன்பக்கத்தில் இடித்துத் திரும்பும். கடைசி ஐந்து நிமிடத்தில் அதுதான் ஆட்டம்.

பெஞ்ச்_ஓரம்:

சரி, ஆனால் 2018-இல் ஹூஸ்டனும் சொந்த மைதானத்தில்தான் ஏழாவது ஆட்டம் ஆடியது, 65 வெற்றி, மேற்கில் முதலிடம். வாரியர்ஸுக்கு எதிராகத் தொடர்ந்து 27 மூன்று புள்ளி முயற்சி தவறியது. கூட்டம் கத்தத்தான் செய்தது, பந்துக்குக் காது இல்லையே. அதைவிடப் பெரிய விஷயம், ஹூஸ்டனின் முக்கிய வீரர் கிறிஸ் பால் தொடைத் தசை பிடித்துக் கடைசி இரண்டு ஆட்டமும் உடை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் சொல்ல வந்தது எதிராளி விஷயம். முதலிடம் என்றால் எட்டாமிடம் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார்களே, யார் அந்த எட்டாமிடம் என்பதைப் பொறுத்தது. 2007-இல் டல்லாஸ் 67 ஆட்டம் ஜெயித்தது, அதன் டிர்க் நோவிட்ஸ்கிதான் அந்த வருஷத்து எம்விபி (லீகின் மிகச் சிறந்த வீரர்). எதிரே 42 ஆட்டம் மட்டும் ஜெயித்த கோல்டன் ஸ்டேட். ஆனால் அந்தப் பருவத்தில் மோதிய மூன்று ஆட்டத்திலும் கோல்டன் ஸ்டேட்தான் ஜெயித்திருந்தது, அதன் பயிற்சியாளர் டான் நெல்சன் அதற்கு முன்னால் டல்லாஸுக்கே பயிற்சியாளராக இருந்தவர், டிர்க்கின் ஆட்டம் அவருக்கு அத்துப்படி. டல்லாஸ் பயந்துபோய் முதல் ஆட்டத்திலேயே தன் ஆரம்ப ஐவரை மாற்றியது. 67 வெற்றி கொடுத்த வரிசையை 42 வெற்றிக்காரனைப் பார்த்து மாற்றினால் அங்கேயே பாதி தோல்வி! 4-2. எம்விபி கோப்பையை டிர்க் வாங்கியபோது அவர் அணி ஏற்கெனவே வெளியே.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை. பிளே-இன் (ஏழாம், எட்டாம் இடங்களை முடிவு செய்யும் தகுதி ஆட்டங்கள்) வந்த பிறகு ஏழாமிடம் முதலில் முடிவாகிவிடுகிறது, எட்டாமிடம் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை தொடர் ஆரம்பம். அதாவது முதலிடம் வந்தவருக்குத்தான் எதிராளியைப் படிக்க நேரம் குறைவு. இதற்காக இரண்டாமிடமே மேல் என்று சொல்லவில்லை, ஆனால் பரிசு என்று சொல்லிக் கொடுப்பதில் இப்படி ஒரு சின்ன முள்ளும் இருக்கிறது.

கடைசி_வினாடி:

எல்லாருக்கும் நன்றி, கொஞ்சம் தெளிவாகிறது. ஒரு சந்தேகம், 2020-இல் கொரோனாவால் ஒர்லாண்டோவில் ஒரே இடத்தில், பார்வையாளரே இல்லாமல் ஆடினார்களே, அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

ஆறாவது_ஆள்:

ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் நல்ல கேள்வி. கிழக்கில் முதலிடத்து பக்ஸ் ஐந்தாமிடத்து மயாமியிடம் 4-1 என்று தோற்றது, அந்த மயாமி இறுதிப் போட்டி வரை போனது. மேற்கில் இரண்டாமிடத்து கிளிப்பர்ஸ் 3-1 என்று முன்னால் இருந்து டென்வரிடம் விட்டது. இதையெல்லாம் பார்த்தால் சொந்த மைதானம் இல்லாததால் தலைகீழாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் கோப்பையை எடுத்தது யார்? மேற்கின் முதலிடம், லேக்கர்ஸ். மைதானம் இல்லாவிட்டாலும் நல்ல அணி நல்ல அணிதான் என்று எனக்குப் படுகிறது, வீட்டு_ஆட்டம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வீட்டு_ஆட்டம்:

ஒத்துக்கொள்ள மாட்டேன். லெப்ரானும் ஆந்தனி டேவிஸும் ஒரே பக்கம் இருந்தால் நிலாவில் ஆடினாலும் ஜெயிப்பார்கள், அதை எல்லா அணிக்கும் பொருத்தக் கூடாது.

கடைசி_வினாடி:

சரி, அப்போ நான் புரிந்துகொண்டது: நாலாமிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் நடுவே இருப்பது பெரிய கோடு, ஏனென்றால் முதல் சுற்றுச் சொந்த மைதானம் அங்கேதான் போகிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இருப்பது சின்னக் கோடு. அந்தச் சின்னக் கோட்டுக்காக நொண்டுகிற ஆளை ஓட விடுவது முட்டாள்தனம், உட்கார வைத்துவிடலாம். சரிதானே?

பெஞ்ச்_ஓரம்:

முக்கால்வாசி சரி. 2019 ராப்டர்ஸ் அதைத்தான் செய்தார்கள், தங்கள் நட்சத்திரம் கவாய் லெனார்டை 82-இல் 60 ஆட்டம் மட்டும் ஆட வைத்தார்கள், 60 வெற்றி எடுத்த பக்ஸை விட இரண்டு வெற்றி குறைவாக முடித்து முதலிடத்தை விட்டார்கள், அப்புறம் அதே பக்ஸிடம் முதல் இரண்டு ஆட்டமும் தோற்று, அடுத்த நாலையும் ஜெயித்தார்கள்.

ஆனால் உட்கார வைத்தால் காயம் வராது என்று நம்பிவிடாதீர்கள். 2012 சிகாகோ நினைவிருக்கிறதா? சுருக்கப்பட்ட 66 ஆட்டப் பருவத்தில் காயங்களால் அதன் நட்சத்திரம் டெரிக் ரோஸ் ஆடியது 39 மட்டும், அப்படியும் அணி கிழக்கில் முதலிடம். முதல் சுற்று, முதல் ஆட்டம், 12 புள்ளி முன்னால் இருக்கிறார்கள், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் மிச்சம். ரோஸ் குதித்தார், முழங்கால் போனது. எட்டாமிடத்து பிலடெல்ஃபியா 4-2. அந்த ஒரு நிமிடம் அவரை ஏன் மைதானத்தில் வைத்திருந்தார்கள் என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள்.