ஆண்ட்ரகாஜி: வயதைச் சொல்வதா, வழியைச் சொல்வதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பெரியவர்கள் கற்க உதவும் முறைகளைப் பற்றிய துறை ஆண்ட்ரகாஜி (andragogy). அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: முதியோர் கற்பித்தலியல், வயதுவந்தோர் கற்பித்தலியல், வளர்ந்தோர் கற்பித்தல், கற்றுணை, ஆற்றுப்படுத்தல். "ஆண்ட்ரகாஜி என்றே எழுதிவிட்டுப் போங்களேன்" என்றவரையும் சேர்த்தால் ஆறு. ஒவ்வொன்றையும் வகுப்பில் நின்று பார்த்த கண்ணோடு பார்க்கிறேன். பெரியவர்களுக்குக் கணினியில் கணக்கெழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

முதலில் 'முதியோர்'. நான் வகுப்பெடுத்த ஓர் இடத்தில் வாசலில் 'முதியோர் கல்வி' என்று பலகை இருந்தது. சேர வந்த ஒருவருக்கு 28 வயது. பலகையைப் படித்துவிட்டு, "சார், இது எங்க அப்பாவுக்கான வகுப்பா?" என்று கேட்டார். உள்ளே அழைத்துவர ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அந்தச் சொல் சரியாக ஓடியிருக்கலாம். இன்று முதியோர் என்றால் இல்லமும் ஓய்வூதியமும்தான் நினைவுக்கு வருகின்றன.

'வயதுவந்தோர்' அதைவிடச் சங்கடம். பேச்சில் 'வயசுக்கு வந்தாச்சு' என்றால் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். எழுத்தில் 'வயது வந்தோர்க்கு மட்டும்' என்றால் திரைப்படச் சான்றிதழ். இவை இரண்டையும் தாண்டித்தான் கல்விக்கு வர வேண்டும். சட்டத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

'வளர்ந்தோர்' எனக்கு உடன்பாடே. ஆனால் 'வளர்ந்தோர் கற்பித்தல்' என்று சேர்த்ததும் சிக்கல். யார் யாருக்குக் கற்பிக்கிறார்கள்? 'ஆசிரியர் கற்பித்தல்' என்றால் ஆசிரியர் செய்வது. அதே அச்சில் இதைப் படித்தால் வளர்ந்தவர்கள் யாருக்கோ பாடம் எடுக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

இன்னொன்று, 'கற்பித்தல்' என்ற வினையே இங்கே இடறுகிறது. ஆண்ட்ரகாஜி என்ற சொல்லை உலகறியச் செய்த அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ், பெரியவர்கள் கற்பதற்கு உதவும் கலையும் அறிவியலும் என்றுதான் அதற்கு விளக்கம் தந்தார். உதவுவது, கற்பிப்பது அல்ல. சொல்லை உருவாக்கியவரும் அவரல்லர். 1833-இல் அலெக்சாண்டர் காப் என்ற ஜெர்மானிய ஆசிரியர் பிளேட்டோவின் கல்விக் கருத்துகளைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். பிறகு நெடுநாள் கிடப்பில் கிடந்து ஐரோப்பாவில் மெல்ல உயிர்பெற்றது. 1967-இல் யூகோஸ்லாவியக் கல்வியாளர் ஒருவர் வாயிலிருந்துதான் நோல்ஸ் அதைக் கேட்டிருக்கிறார்.

கிரேக்கத்தில் அதன் முன்பாதி ஆண்மகனைக் குறிப்பது. தமிழில் எழுதினாலும் 'ஆண்' என்றே தொடங்கிவிடுகிறது, தற்செயல்தான்! என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதால் ஒலிபெயர்ப்பு எனக்கு வேண்டாம். பின்பாதிக்குப் பொருள் வழிநடத்துவது. சிறுவர்களுக்குக் கற்பிக்கும் கலையைக் குறிக்கும் பெடகாஜியில் (pedagogy) வருவதும் அதே பாதிதான். பழைய கிரேக்கத்தில் பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போன அடிமைக்கு அந்தப் பெயர். பையனைக் கையைப் பிடித்து இழுத்துப் போகலாம். ஐம்பது வயதுக்காரரை?

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். இருபது ஆண்டுகளாக நீள நோட்டில் வரவு செலவு எழுதிவந்த ஒருவர் வகுப்புக்கு வந்தார். நான் வழக்கம்போல 'கணினியின் பாகங்கள்' என்று தொடங்கினேன். மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மவுஸைத் தொடவில்லை. நாலாம் நாள் பாடத்தை மூடிவைத்துவிட்டு, "உங்க நோட்டைக் கொண்டு வாங்க, எப்படி எழுதுவீங்கன்னு காட்டுங்க" என்றேன். கொண்டுவந்தார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, வராத கடனுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. அந்தச் சுழிக்கு இந்தப் பெட்டியில் என்ன செய்வது என்று அவரே கேட்டார். நிரலும் நிரையும் அவருக்குப் புதிதே இல்லை. அன்று மாலைக்குள் கூட்டல் சூத்திரம் போட்டுவிட்டார். மறுநாள் எனக்குத் தெரியாத ஒன்றை, வட்டியை நாள் கணக்கில் பிரிப்பதை, அவர் எனக்குச் சொல்லித்தந்தார்.

நோல்ஸ் எழுதியவையும் ஏறத்தாழ இவைதாம்: இது எதற்கு என்று முதலில் தெரிய வேண்டும், தன்னைத் தானே நடத்த விட வேண்டும், பட்டறிவைப் பாடமாக்க வேண்டும், கையிலிருக்கும் சிக்கலிலிருந்து தொடங்க வேண்டும். நாம் தேடும் சொல்லுக்குள் அந்தச் சிவப்புச் சுழிக்கு இடம் வேண்டும்.

இனி 'கற்றுணை'. முன்வைத்தவர் கோபிக்கக் கூடாது. அந்தச் சொல் தேவாரத்தில் ஏற்கெனவே இருக்கிறது: 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்'. அங்கே அது அப்பரைக் கட்டிக் கடலில் தள்ளிய கல். என் மாணவர்கள் சிலர் தேர்வைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றாலும், துறைக்கே அந்தப் பெயரை வைக்க வேண்டுமா? கற்றல், துணை என்று பிரித்துப் புணர்த்தினால் 'கற்றற்றுணை'. மூன்று தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

'ஆற்றுப்படுத்தல்' என் மனத்துக்கு மிக நெருக்கம். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். இருவரும் ஒரே தொழில், இருவரும் வளர்ந்தவர்கள். கேட்பவனுக்குப் பசி இருக்கிறது, சொல்பவனுக்கு நடந்த அனுபவம் இருக்கிறது. போவதும் போகாததும் கேட்பவன் விருப்பம். கிரேக்க அடிமையைவிட நம் பாணன் எவ்வளவோ பொருத்தம். என்ன செய்ய, உளவியலார் முந்திக்கொண்டார்கள். இன்று ஆற்றுப்படுத்துநர் என்றால் மனம் நொந்தவருக்கு ஆலோசனை சொல்பவர். 'கணக்கு வகுப்புக்கு ஆற்றுப்படுத்தல்' என்று அறிவித்தால், எனக்கு மனசு நல்லாத்தானே இருக்கு என்பார்கள்.

ஆறு என்றாலும் நெறி என்றாலும் வழிதான். ஆகவே என் பரிந்துரை: வளர்ந்தோர் கற்றல்நெறி. கற்பித்தல் போய்க் கற்றல் வந்துவிட்டது, யார் செய்வது என்ற குழப்பமும் இல்லை. பயிற்சிக் கையேட்டு வாக்கியம் ஒன்றில் வைத்துப் பார்த்தேன்: 'இப்பயிற்சி வளர்ந்தோர் கற்றல்நெறியைப் பின்பற்றி அமைக்கப்பட்டது.' இடறவில்லை.

---

> நெறி சரி. ஆனால் வயதைச் சொல்லக் கூடாது என்று தொடங்கிவிட்டு 'வளர்ந்தோர்' என்று முடிக்கிறீர்களே? நன்னூல் 'கொள்வோன் கொள்வகை அறிந்து' என்கிறது. 'கொள்வோர்நெறி' என்றால் வயதே வராது.

நியாயமான கேள்வி. நோல்ஸே இதில் சறுக்கி எழுந்தவர். 1970-இல் வந்த அவர் நூலின் துணைத்தலைப்பு ஆண்ட்ரகாஜியைப் பெடகாஜிக்கு எதிரே நிறுத்தியது. 1980 பதிப்பில் அதை 'பெடகாஜியிலிருந்து ஆண்ட்ரகாஜிக்கு' என்று மாற்றினார். ஏதும் தெரியாத புதுத் துறைக்குள் நுழையும் பெரியவருக்கு முதலில் கைப்பிடித்துச் சொல்லித்தர வேண்டியிருக்கும், சிறுவருக்கும் சில இடங்களில் இந்த நெறி பொருந்தும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பெயரை மாற்றவில்லை.

'வளர்ந்தோர்' என்பது ஆண்டுக்கணக்கு அல்ல, ஒரு நிலை என்று எடுத்துக்கொள்கிறேன். 28 வயதுக்காரர் அந்தச் சொல்லுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

நன்னூல் வரி எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே பாயிரம் மாணாக்கனைப் பற்றி என்ன சொல்கிறது? இரு என்றால் இருந்து, சொல் என்றால் சொல்லி, சித்திரப் பாவைபோல் அடங்கியிருக்க வேண்டுமாம். என் நோட்டுக்காரர் முதல் மூன்று நாள் சித்திரப் பாவையாகத்தான் இருந்தார், அதனால்தான் ஒன்றும் ஏறவில்லை. மேலும் 'கொள்வோர்' என்றால் இன்று வாங்குவோர், நுகர்வோர் பக்கம் போய்விடும்.

---

> ஹூட்டகாஜி என்று ஒன்று கிளம்பியிருக்கிறதே, அதற்கும் இந்தச் சொல் இடம் கொடுக்குமா?

கொடுக்கும். 2000-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் ஹேஸ், கிறிஸ் கென்யன் இருவரும் முன்வைத்தது. எதைக் கற்பது, எப்படிக் கற்பது இரண்டையும் கற்பவரே முடிவு செய்வது. 'தற்கற்றல்நெறி' என்று வைக்கலாம். வாய்க்குக் கொஞ்சம் கடினம், 'தன்முடிவுக் கற்றல்நெறி' நீளம். யாராவது சுருக்கித் தாருங்கள்.

எனக்கு இன்னும் மாட்டிக்கொண்டிருப்பது ஆளைக் குறிக்கும் சொல். 'நெறியாளர்' என்றால் ஆய்வு மாணவருக்கு வழிகாட்டுபவர், தொலைக்காட்சியில் விவாதம் நடத்துபவர். 'ஆசிரியர்' என்று என்னை அழைத்தால் எழுந்து நிற்கிறார்கள், பெரியவர்கள் எழுந்து நிற்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இப்போதைக்குக் 'கற்றல்துணைவர்' என்று பட்டியலில் குறித்துவைக்கிறேன். புணர்ச்சி பார்ப்பவர்கள் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.