‘டைமிங்’ வைப்பதற்குத் தமிழ்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கைநூல்காரி, திங்கள் இரவு:

எல்லோருக்கும் வணக்கம். வாகனத் திருத்தக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். வகுப்புக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் பழைய எம்.ஜி. பி. காரை (பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்) இரவல் தருகிறார். பாடமும் அதை வைத்துத்தான். பிஸ்டன் மேல்முனைக்கு வர முன்னமே பிளக்கில் பொறி விழ வேண்டும், ஏனென்றால் பெற்றோல் கலவை எரிந்து அழுத்தம் ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தொடக்ககால எம்.ஜி. பி.யில் எஞ்சின் ஓடாத நிலையில் வைக்கும் அளவு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங் தண்டின் திருப்பத்தில், மேல்முனைக்கு 10 பாகை முன். அதிகம் முந்தினால் எஞ்சின் தட்டும். பிந்தினால் இழுவை குறைந்து சூடேறும். இந்த அளவுக்கு என்ன பெயர்? ‘பற்றவைப்பு நேரம்’ என்று எழுதியிருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை.

ஓய்வுபெற்ற தமிழ் மாஸ்டர், செவ்வாய் காலை:

பிள்ளை, பற்றவைப்பு வேண்டாம். தமிழ்நாட்டில் அது வெல்டிங். ‘பொறி’ கையில் இருக்க வேறெதற்கு? தீப்பொறியும் அதுதான், இயந்திரமும் அதுதான். எலிப்பொறி, ஐம்பொறி எல்லாம் அதே சொல். நேரம் என்பதும் தட்டை. ஏற்ற காலம் அறிந்து செய்ய வேண்டும் என்று சொல்ல வந்த வள்ளுவர் ‘பருவம்’ என்றார். ஆகவே பொறிப்பருவம்.

உப்புவெளி கராஜ்காரர், செவ்வாய் மதியம்:

மாஸ்டர் கோபிக்கக் கூடாது. பொறி என்றால் என் பெடியன்கள் எலி பிடிக்கப் போவார்கள். பருவம் என்று பதினெட்டு வயதுக்காரனிடம் சொன்னால் அன்றைக்கு வேலையே நடக்காது.

தங்கச்சி, சொல் எதுவானாலும் வேலையின் ஒழுங்கு பிழைக்கக் கூடாது. முதலில் பொயின்ட் இடைவெளி, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவில். பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், திறக்கும்போது பொறி எழச்செய்யும் சுவிட்ச்தான் பொயின்ட். டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு பொயின்ட்டைத் தொட்டால் வைத்தது கெட்டுவிடும். இடைவெளி கூடினால் பொயின்ட் முந்தித் திறக்கும். பிறகு கிராங் கப்பியில் இருக்கும் அடையாளத்தை 10 பாகைக்குக் கொண்டு வந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மெல்லிய வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் 12 வோல்ட் பல்ப் ஒன்றைக் கட்டுங்கள். சாவியைப் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினால், பொயின்ட் திறக்கும் கணத்தில் பல்ப் பற்றும். அங்கே இறுக்க வேண்டியதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் முந்தும், சுற்றும் திசையிலே திருப்பினால் பிந்தும். எஞ்சினை ஓடவிட்டு டைமிங் லைட் பிடித்துப் பார்ப்பதென்றால், உறிஞ்சலால் பொறியை முந்த வைக்கும் வெக்கியூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பாருங்கள். என் தகப்பன் காலத்திலிருந்து இதற்கு ‘டைமிங் வைக்கிறது’ என்றுதான் பேச்சு. இனி அதுவும் தமிழ்தானே?

மூதூர் கணித ஆசிரியர், செவ்வாய் இரவு:

நேரம், பருவம், டைமிங் மூன்றுமே பிழை. நாம் அளப்பது காலமே அல்ல. நிமிடத்துக்கு 1000 சுற்றில் கிராங் ஒரு மில்லிசெக்கனுக்கு 6 பாகை திரும்பும். 3000 சுற்றில் 18 பாகை. எரிய எடுக்கும் நேரம் அதே விகிதத்தில் குறையாது. அதனால்தான் வேகம் கூடக் கூட டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் விரிந்து பொறியை மேலும் முந்த வைக்கின்றன. ஆகவே ‘பொறிக்கோணம்’. திருகோணமலையில் இருந்துகொண்டு கோணத்தை விடலாமா?

மாஸ்டர், புதன் காலை:

மிக நன்று. கோணம் வடசொல் என்று யாரோ கிளம்புவார்கள், அதற்கு முன் எழுதிவிடுகிறேன். கோணல், கோணுதல், கோடுதல், கோட்டம், கூன் எல்லாம் வளைவைச் சொல்லும் ஒரே குடும்பம். சம்பந்தர் ‘கோணமாமலை’ என்று பாடியது சும்மாவா? ஆனால் மூதூர் நானா, ஊர்ப் பெயரில் ஒரு ‘க்’கை விழுங்கிவிட்டீர்கள். திருக்கோணமலை என்று வலி மிக வேண்டும். திருக்குறளைத் திருகுறள் என்போமா?

மூதூர், புதன் மதியம்:

மாஸ்டர், அரசாங்கப் பலகையில் ‘க்’ இல்லை. நான் பலகையைப் பார்த்துத்தான் எழுதினேன்.

(இதற்குப் பிறகு ‘க்’ பற்றி மட்டும் பதினொரு மடல். அவற்றை விடுகிறேன். – கை.)

கராஜ்காரர், புதன் இரவு:

கோணத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பொயின்ட் மூடியிருக்கும் கோணம் ஒன்று உண்டு, இந்த வண்டியில் 60 பாகைக்குக் கிட்ட. அதுவும் பொறிக்கான கோணந்தானே? போதாததற்கு டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது; அதை 5 பாகை திருப்பினால் கிராங்கில் 10. பிள்ளைகள் எந்தக் கோணத்தைப் பார்ப்பார்கள்? நாங்கள் பேசுகிற மாதிரி ‘முந்தல்’ என்று போடுங்கள். ‘10 பாகை முந்தல்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

மாஸ்டர், வியாழன் காலை:

முந்தல் புத்தளத்துப் பக்கம் ஓர் ஊர்.

கைநூல்காரி, வியாழன் இரவு:

பாடத் தலைப்பு ‘பொறிக்கோணம்’. அளவு வரும் இடமெல்லாம் ‘பாகை முந்தல்’, ‘பாகை பிந்தல்’. செய்முறைப் பக்கத்தில் கராஜ் அண்ணன் சொன்னபடி ‘டைமிங் வைத்தல்’. மூடியிருக்கும் கோணத்துக்குப் பெயரே வைக்கவில்லை. ‘பொயின்ட் மூடியிருக்கும் அளவு’ என்று நீட்டி எழுதிவிட்டேன். மூன்று பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் பேசாமல் இருந்தீர்கள். நாளை காலை அனுப்புகிறேன்.

மாஸ்டர், வியாழன் நள்ளிரவு:

பொறிப்பருவத்தை நான் கைவிடவில்லை, பதிந்துகொள்ளவும். அட்டையில் ஊர்ப் பெயருக்கு ‘க்’ போட்டாயா, பிள்ளை?