பொருள்: வலிப்படக்கி வேறு, மூளைக்கலக் காப்பான் வேறு

குழுமத்தாருக்கு வணக்கம்.

வலிப்புக்கான தாவரச் சேர்வைகள் (தாவர வேதிப்பொருட்கள்) பற்றிய நம் கலைச்சொல் இழையில், நியூரோப்ரொடெக்டிவ் (neuroprotective, அதாவது மூளையின் உயிரணுக்களை அழியாமல் காப்பது) என்பதற்கு ‘நரம்புச்செல் பாதுகாப்பி’ என்று சென்னை ஐயா எழுதியிருந்தார். சொல்லமைப்பில் பிழை இல்லை. ஆனால் கிளிநொச்சியில் இருந்து வாசிக்கும் எனக்கு இடறுகிறது.

வன்னியில் செல் என்றால் எறிகணை. 2009இல் பட்ட செல் துண்டை இன்னும் தலைக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். என் சித்தப்பாவின் மூத்த மகன் அப்படி ஒருவர். அண்ணாவுக்கு வலிப்பு வருவதே அந்தக் காயத்தால்தான். ‘மூளைச்செல் பாதிப்பு’ என்று ஒரு துண்டறிக்கையில் கண்டால் அவர் எதை நினைப்பார்? உயிரணுவுக்கு எங்கள் பாடநூல்களில் ‘கலம்’ இருக்கிறது. அதை எடுப்போம். ‘நரம்பு’ம் வேண்டாம், ஊசி ஏற்றும் இரத்தக் குழாயையும் இங்கே நரம்பு என்றுதான் சொல்வோம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. வலிப்பை அடக்குவதும் கலத்தைக் காப்பதும் ஒரே வேலை அல்ல. வலிப்பு நீண்டுகொண்டே போனால் மூளைக்கலங்களைத் தூண்டும் குளூட்டமேற்று என்ற வேதிப்பொருள் அளவுமீறி வெளிப்படும், கல்சியம் கலத்துக்குள் பெருகும், கலம் அழியும். அந்த அழிவைத் தடுப்பது தனி வேலை. கஞ்சாச் செடியின் கனபிடையோலுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இரண்டு கடும் வலிப்பு நோய்களில் வலிப்பைக் குறைப்பதற்காக. அது வலிப்படக்கி. குளக்கரை வல்லாரையில் உள்ள ஏசியாற்றிக்கோசைட்டு விலங்குகளின் மூளைக்கலங்களைக் காத்ததாக ஆய்வுகள் உண்டு. மனிதருக்கு மருந்தாக அது நிறுவப்படவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், வல்லாரைச் சம்பல் போதும் என்று யாராவது வலிப்புக் குளிசையை (மாத்திரையை) நிறுத்திவிடுவார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரக்கூடும், உயிருக்கே ஆபத்து.

தாவரச் சேர்வைகளை ‘மூலிகை மருந்து’ என்று பொதுவாகச் சொல்வதையும் தவிர்ப்போம். எட்டி விதையின் ஸ்ட்ரிக்னினும் தாவரச் சேர்வைதான். அது வலிப்பைக் கொண்டுவரும் நஞ்சு.

ஆகவே என் முன்மொழிவு: வலிப்படக்கி, மூளைக்கலக் காப்பான். ‘மூளைக்காப்பு’ என்று சுருக்கவும் யோசித்தேன். ஆனால் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காப்புக் கட்டுகிறவர்கள் இங்கே உண்டு. நம் சொல் அந்தப் பக்கம் இழுக்கக்கூடாது.

சேர்வையா சேர்மமா என்பதில் உங்கள் வழக்கே இருக்கட்டும், எனக்குச் சரி. ‘செல்’லை மட்டும் எடுத்துவிடுங்கள்.